அடையாறு முகத்துவாரத்துல தண்ணியும் மீனும் எப்படி இருக்குன்னு நீங்களே கணக்கெடுக்கறது எப்படி

மீட்டர் வாங்கலாமா கிட் வாங்கலாமான்னு ஆரம்பிக்காதீங்க, மொதல்ல ஆத்தோட வாய், அதாவது கடல்ல சேர்ற எடம், தொறந்திருக்கா மூடியிருக்கான்னு போய் பாருங்க. நம்ம ஊர்ல கடல்ல சேர்ற ஆறு, காயல் எதுவா இருந்தாலும், அடையாறோ கூவமோ முட்டுக்காடோ, அதோட வாயில மணல் வந்து அடைச்சுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில வெள்ளம் வந்தா ஒடைச்சுக்கிட்டு போவும், மழை நின்னு ரெண்டு மூணு மாசத்துல மறுபடி திட்டு வளர ஆரம்பிக்கும், நடுவுல ஜேசிபி வச்சு வெட்டியும் விடுவாங்க. இந்த வாய் தொறந்திருந்தா கடல் தண்ணி உள்ள வந்து போவும், மூடிட்டா உள்ள இருக்கறது சாக்கடை குட்டை, அவ்ளோதான். அதனால "அடையாறு தண்ணில ஆக்ஸிஜன் எவ்ளோ"ன்னு யாராச்சும் ஒரே ஒரு நம்பர் சொன்னா நம்பாதீங்க, எந்த இடம், எத்தன மணி, தண்ணி ஏறுதா வத்துதா, வாய் எப்படி இருந்துச்சு, இந்த நாலும் சேந்து வந்தாதான் அது நம்பர்.

காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு, இல்ல சும்மா ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு போறவங்க ஆர்வத்துல செய்றதுக்கு, ரெண்டுக்குமே ஒத்து வர்ற மாதிரி எழுதறேன். பெரிய லேப் வேணாம். ஆனா பொறுமை வேணும், ஒரு தடவ போய்ட்டு போட்டோ போட்டுட்டு விட்டுட்டா ஒண்ணுமே தெரியாது, மாசத்துக்கு ரெண்டு தடவ, ஒரு வருஷம் போனா கதை தெரிய ஆரம்பிக்கும்.

எந்த இடம்

அடையாறையே எடுத்துக்கலாம், 42 கிலோமீட்டர் ஆறு, கடைசி சில கிலோமீட்டர்தான் நமக்கு வேணும். வாயிலேர்ந்து மேல போனா மொதல்ல திரு.வி.க. பாலம், அப்புறம் கோட்டூர்புரம் பாலம், அதுக்கு மேல சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். வாய்ப்பக்கம் ஒரு இடம், இந்த மூணு பாலம், மொத்தம் நாலு ஸ்டேஷன் போதும். பாலம் ஏன்னா கயித்துல பாட்டில் கட்டி எறக்கலாம், சேத்துல எறங்க வேண்டியதில்ல, அடுத்த தடவையும் அதே எடத்துல நிக்கலாம். நடைபாதையில நில்லுங்க, சைதாப்பேட்டை பாலத்துல பஸ் போறப்போ எட்டிப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, காலைல அஞ்சரைக்கு போனா வண்டியும் கம்மி, நமக்கும் அந்த நேரம்தான் வேணும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வாய்க்கு பட்டினப்பாக்கம் பக்கமும் போவலாம், பெசன்ட் நகர் ஊரூர் குப்பம் பக்கமும் போவலாம். ப்ரோக்கன் பிரிட்ஜ் மேல ஏறாதீங்க, 1967ல கட்டி 1977 வெள்ளத்துல போனது, அது மேல போய்த்தான் சாம்பிள் எடுக்கணும்னு ஒண்ணும் இல்ல, கீழ மணல்லேர்ந்தே எடுக்கலாம். தியசாபிகல் சொசைட்டி கரை அவங்க எடம், கேக்காம நுழைய கூடாது. எண்ணூர் பக்கம் செய்யணும்னா துறைமுகம், அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கறதால கேமரா எடுத்தா செக்யூரிட்டி வருவாங்க, அந்த ஊர் ஆளுங்க ஒருத்தர கூட்டிட்டு போறதுதான் சரி.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு கொஞ்சம் நல்ல எடம் கட்டாயம் வேணும். சிட்டிக்கு பக்கத்துல முட்டுக்காடு, முடிஞ்சா பழவேற்காடு. அது இல்லாம அடையாறு மட்டும் பாத்தீங்கன்னா எது கெட்டது எது சாதாரணம்னே புரியாது, ஒரு காயல்ல சாதாரணமா எத்தன வகை மீன் இருக்கும்னே தெரியாம போயிடும்.

எந்த நாள், எத்தன மணி

சென்னையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறும், ரெண்டு தடவ வத்தும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், மறுநாள் ஒரு அம்பது நிமிஷம் தள்ளிப்போவும். அமாவாசை பௌர்ணமிய ஒட்டி ஏத்த இறக்கம் ஜாஸ்தி, சுமார் ஒரு மீட்டர், அஷ்டமி பக்கம் அதுல பாதி கூட இருக்காது. குஜராத் மாதிரி பெரிய ஏத்தம் நமக்கு கிடையாது, அதனாலதான் மணல் திட்டு ஈஸியா ஜெயிக்குது, உள்ள வந்து போற தண்ணிக்கு அத அடிச்சுட்டு போற வலு இல்ல.

காலண்டர்ல திதி பாத்து வச்சுக்குங்க, இதுக்குன்னு ஆப் கூட வேணாம். மாசத்துல ஒரு தடவ அமாவாசைய ஒட்டி, ஒரு தடவ அஷ்டமிய ஒட்டி போங்க. டைட் டேபிள்ல போட்டிருக்கற நேரம் துறைமுகத்துக்கு, ஆத்துக்குள்ள அது லேட்டா வரும், எவ்ளோ லேட்டுங்கறது வாய் எவ்ளோ அகலமா இருக்குன்னு பொறுத்து மாறும், கோட்டூர்புரம் பாலத்து தூண்ல ஒரு தண்ணி அடையாளம் பாத்து வச்சுக்கிட்டு அது ஏறுதா எறங்குதான்னு நீங்களே பாக்கறதுதான் நம்பிக்கை. எப்பவும் தண்ணி வத்தி முடியற நேரத்துல ஒரு தடவ எடுங்க, அப்போ ஆத்தோட சொந்த குணம் தெரியும். ஏறி நிக்கறப்போ ஒண்ணு எடுத்தா கடல் எவ்ளோ தூரம் உள்ள வருதுன்னு தெரியும்.

மணி விஷயம் இதவிட முக்கியம். அடையாறுல பாசி ஜாஸ்தி, சாக்கடையில இருக்கற நைட்ரஜன் பாஸ்பரஸ் எல்லாம் அதுக்கு உரம். பகல்ல வெயில்ல பாசி ஆக்ஸிஜன் விடும், மத்தியானம் ரெண்டு மணிக்கு அளந்தா 10 மில்லிகிராம் கூட காட்டும், ஆஹா ஆறு சூப்பரா இருக்குன்னு நெனச்சுக்குவீங்க, அதே தண்ணி ராத்திரி பூரா பாசியும் பாக்டீரியாவும் மூச்சு விட்டு விடியக்காலைல பூஜ்யம் கிட்ட வந்து நிக்கும். மீன் சாவறது அந்த விடியக்காலைலதான். அதனால சூரியன் வர்றதுக்கு முன்னாடி ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பெருசா இருந்தா பாசி பெருகி கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். மத்தியான நம்பர மட்டும் காட்டி ரிப்போர்ட் போடறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

தண்ணில என்னென்ன அளக்கணும்

உப்பு. இது இல்லாம மத்தது எதுக்கும் அர்த்தம் இல்ல. நெறைய பேர் வீட்டு ஆர்ஓ தண்ணி செக் பண்ற டிடிஎஸ் பேனாவ எடுத்துட்டு வராங்க, அது ஒரு அளவுக்கு மேல போனா நின்னுடும், கடல் தண்ணில லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கு, பாவம் அது என்ன பண்ணும். கொளத்தூர் மீன் தொட்டி கடைங்கள்ல கைல புடிச்சு வெளிச்சத்துல பாக்கற ரிஃப்ராக்டோமீட்டர் கிடைக்கும், பெரிய விலை இல்ல, அதான் சரியான சாமான். கண்ணாடில ரெண்டு சொட்டு விட்டு மூடி வெளிச்சத்த பாத்து புடிச்சா கோடு தெரியும். ஒவ்வொரு தடவையும் கெளம்பறதுக்கு முன்னாடி டிஸ்டில்ட் வாட்டர் விட்டு பூஜ்யம் சரி பண்ணிக்குங்க. கடல் கிட்ட சாதாரணமா 33லேர்ந்து 35 பிபிடி (ஆயிரத்துல எத்தன பங்கு உப்புங்கற கணக்கு), மழை சீசன்ல வடக்கேர்ந்து நல்ல தண்ணி கலந்து வர்றதால கடலே 30க்கு கீழ கூட எறங்கும், அத பாத்து மீட்டர் ரிப்பேர்னு நெனைக்காதீங்க. பழவேற்காடு மாதிரி எடத்துல வெயில் காலத்துல வாய் அடைச்சா கடல விட உப்பு ஏறிடும். அடையாறுல அப்படி ஆவறது கஷ்டம், மேலேர்ந்து சாக்கடை தண்ணி வருஷம் பூரா வந்துக்கிட்டே இருக்கு.

மேல் தண்ணியும் அடித் தண்ணியும் தனித்தனியா எடுக்கணும். உப்பு தண்ணி கனம், கீழ தவழ்ந்து உள்ள வரும், ஆத்து தண்ணி மேல மெதந்து வெளிய போவும். திரு.வி.க. பாலத்துல மேல ஒரு அளவும் கீழ அதுக்கு ரெண்டு மூணு மடங்கும் வந்தா ஆச்சரியப்படாதீங்க. அடித் தண்ணி எடுக்க ஒரு கண்ணாடி பாட்டில்ல கல்லு கட்டி, மூடிக்கு கார்க் போட்டு, கார்க்குக்கு தனி கயிறு. அடிக்கு எறக்கிட்டு கார்க் கயித்த சுண்டி இழுத்தா கொப்புளம் விட்டு ரொம்பும், அவ்ளோதான், கடைல வாங்கற சாம்ப்ளர் விலைய கேட்டா மயக்கம் வரும். ஆனா இப்படி கொப்புளம் விட்டு ரொம்பற தண்ணில ஆக்ஸிஜன் அளக்கக் கூடாது, காத்து கலந்துடும், உப்புக்கும் மத்ததுக்கும்தான் இது.

ஆக்ஸிஜன். மீட்டர் இருந்தா நல்லது, காலேஜ்ல கடன் கேளுங்க, நீளமான கேபிள் இருந்தா ப்ரோபையே அடிக்கு எறக்கிடலாம். ஒரு விஷயம், மீட்டர்ல உப்பு அளவ போட்டு சரி பண்ணணும், 30 டிகிரில நல்ல தண்ணி ஏழரை மில்லிகிராம் வரைக்கும் புடிக்கும், அதே சூட்டுல கடல் தண்ணி ஆறேகால்தான் புடிக்கும், அத போடலேன்னா தப்பா காட்டும். மீட்டர் இல்லேன்னா விங்க்ளர் முறை, 1888லேர்ந்து இருக்கறது, இன்னிக்கும் அதத்தான் நம்பறாங்க. பாரிமுனை பக்கம் லேப் சாமான் விக்கற கடைங்கள்ல கேளுங்க. கொப்புளம் இல்லாம தண்ணி ரொப்பி மாங்கனீஸ் சல்பேட்டும் அல்கலி அயோடைடும் விட்டா ஒரு படிவு வரும், அது பழுப்பா இருந்தா ஆக்ஸிஜன் இருக்கு, எவ்ளோ கரும்பழுப்போ அவ்ளோ ஜாஸ்தி. வெள்ளையாவே இருந்தா ஆக்ஸிஜன் சுத்தமா இல்ல. சாக்கடை கலந்த தண்ணிக்கு அசைடு சேத்த கெமிக்கல் வாங்குங்க, நைட்ரைட் இருந்தா கணக்கு கெடும். அப்புறம் ஆசிட், தயோசல்பேட் டைட்ரேஷன் எல்லாம் வீட்டுக்கு வந்து பண்ணலாம், ஆனா அந்த மொத ரெண்டு கெமிக்கலும் பாலத்து மேலயே விடணும், வீட்டுக்கு கொண்டு வர்றதுக்குள்ள பாக்டீரியா தின்னுடும். ஆசிட் சல்ஃப்யூரிக், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, கையுறை இல்லாம தொடாதீங்க, சின்ன பசங்களோட செய்றதா இருந்தா மீட்டரோட நிறுத்திக்குங்க.

நம்பர எதோட ஒப்பிடறதுன்னா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலோர தண்ணிய எஸ்டபிள்யூ 1லேர்ந்து 5 வரைக்கும் பிரிச்சு வச்சிருக்கு, மீன் நண்டு வளர்ற எடம் எல்லாம் ஒண்ணாவதுல வரும், அதுக்கு ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு கம்மி ஆகக்கூடாது, குளிக்கற எடத்துக்கு 4. ரெண்டுக்கு கீழ போனா பெரும்பாலான மீனுக்கு மூச்சு முட்டும். சைதாப்பேட்டைல விடியக்காலைல அளந்துட்டு இந்த பட்டியல பாத்தீங்கன்னா எங்க நிக்கறோம்னு தெரிஞ்சிடும்.

அம்மோனியாவையும் பிஹெச்சையும் தனித்தனியா பேசவே கூடாது. கிட்ல வர்றது மொத்த அம்மோனியா, அதுல மீன கொல்ற பகுதி எவ்ளோங்கறத பிஹெச்சும் சூடும்தான் முடிவு பண்ணும். 30 டிகிரில பிஹெச் 7 இருந்தா நூத்துல ஒரு பங்கு கூட விஷமா இருக்காது, 8 இருந்தா ஏழு பங்கு, 9 ஆனா கிட்டத்தட்ட பாதி. மத்தியானம் பாசி பெருகி பிஹெச் ஏறுற நேரத்துல, ஆக்ஸிஜன் நல்லா இருக்கறப்போவே மீன் சொக்கிப் போறதுக்கு இது ஒரு காரணம். மீன் தொட்டி கிட் வாங்கறப்போ உப்பு தண்ணிக்கும் ஆவுமான்னு கேட்டு வாங்குங்க, நல்ல தண்ணி கிட் உப்புல தப்பா கலர் காட்டும்.

கலங்கல் அளக்கறதுக்கு ஒரு வட்டத் தகடு, இருபது சென்டிமீட்டர் அகலம், கறுப்பு வெள்ளை கட்டம் பெயிண்ட் அடிச்சு நடுவுல கயிறு, கீழ வெயிட். கண்ணுக்கு மறையற ஆழத்த குறிச்சுக்குங்க. மழைக்காலத்து கலங்கல் பெரும்பாலும் மண்ணு, அதுக்கு பயப்பட வேணாம், வெயில் காலத்துல பச்சையா இல்ல கறுப்பா கலங்கறதுதான் பிரச்சன. அழுகின முட்டை நாத்தம் வந்தா அதையும் எழுதுங்க, அடில ஆக்ஸிஜன் இல்லாம சேறு ஹைட்ரஜன் சல்பைடு விடுதுன்னு அர்த்தம், மூக்கும் ஒரு மீட்டர்தான்.

பிஓடி (அழுக்க தின்ன பாக்டீரியாவுக்கு எவ்ளோ ஆக்ஸிஜன் வேணுங்கற அளவு), கோலிஃபார்ம் (மலத்துல இருக்கற பாக்டீரியா), உலோகம் இதெல்லாம் வீட்ல ஆவாது. பிஓடி நம்ம ஊர்ல 27 டிகிரில மூணு நாள் வச்சு பாப்பாங்க, சாம்பிள ஐஸ்ல இருட்டுல வச்சு அன்னிக்கே லேப்ல சேக்கணும். வருஷத்துக்கு நாலு தடவ காசு போட்டு பாத்தா போதும். எண்ணூர்னா மட்டும் உலோகம் பாக்க வேண்டி வரும், அனல்மின் நிலையத்து சாம்பல் கழிவு விஷயம் ஊருக்கே தெரியும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வேற உப்பங்கழில பரவுச்சு. அங்க தெர்மாமீட்டரும் முக்கியம், அனல்மின் நிலையத்து சுடுதண்ணி கலக்கற எடம்.

மீன் கணக்கு

தண்ணி நம்பர் அந்த நிமிஷத்தத்தான் சொல்லும், மீன் சில மாசத்த சேத்து சொல்லும். ஆனா மீன எண்றது தண்ணி அளக்கறத விட கஷ்டம், ஓடற பொருள்.

நீங்களே வலை வீச கத்துக்கிட்டு எறங்க வேணாம், முக்கியமா அடையாறுல எறங்கவே வேணாம். குப்பத்துல போய் பேசுங்க. அதுலயும் ஒரு முறை இருக்கு, நோட்டும் பேனாவுமா போய் நின்னா எதுக்கோ சர்வே எடுக்க வந்திருக்காங்கன்னு வாயே தொறக்க மாட்டாங்க, அவங்க பட்டது அப்படி. காலைல வலை சரி பண்ற எடத்துல போய் உக்காந்து "அண்ணா, வாய் இப்போ எப்டி இருக்கு, தெண்டி போவுதா வன்னி போவுதா"ன்னு கேட்டா பேச்சு வரும். தெண்டின்னா தெக்கேர்ந்து வடக்க போற நீரோட்டம், வன்னி வடக்கேர்ந்து தெக்க, எந்த பக்கத்து மணல் வந்து வாய அடைக்குதுங்கறத இந்த ஓட்டம்தான் முடிவு பண்ணுது, அத அவங்க அளவுக்கு யாரும் கவனிக்கறதில்ல. வயசானவங்க இருந்தா ஐயான்னு கூப்பிட்டு, முன்னாடி வந்துட்டு இப்போ வராத மீன் எதுன்னு கேளுங்க. அந்த லிஸ்ட் உங்க ஒரு வருஷ டேட்டாவ விட பெருசு. மீன் விக்கற அக்காங்க கிட்டயும் கேளுங்க, எது ஆத்து மீன் எது கடல் மீன்னு செவுள தூக்கி பாத்தே சொல்லுவாங்க. அவங்க நேரத்த எடுத்துக்கறீங்க, மீன் வாங்கிட்டு வாங்க, வீச சொன்னா காசு குடுங்க.

வீச்சு வலை வீச ஒருத்தர் ஒத்துக்கிட்டா, கணக்கு நேர்மையா இருக்க ஒரே வலை, ஒரே கண்ணி அளவு, ஒவ்வொரு எடத்துலயும் ஒரே எண்ணிக்கை வீச்சு, பத்துன்னா பத்துதான். ஒண்ணுமே விழாத வீச்சையும் எழுதணும், பூஜ்யத்த விட்டுட்டா எல்லா எடமும் நல்லா இருக்கற மாதிரி தெரியும். செவுள் வலை போடறவங்க கிட்டேர்ந்து வர்ற மீன தனியா வைங்க, ரெண்டையும் கலக்காதீங்க, செவுள் வலைல அந்த கண்ணிக்கு ஏத்த சைஸ் மட்டும்தான் மாட்டும். முக்கியமான எடம் எதுன்னா கழிச்சு போடற குவியல். விலை போவாதுன்னு மணல்ல தூக்கி போடற உளுவை, பேத்தை, பொடி காரப்பொடி, இதுங்கதான் வகைய கூட்டும், நல்ல மீனு கூடைக்கு போனப்புறம் அந்த குவியல்ல ஒரு பத்து நிமிஷம் கிளறினா போதும்.

போட்டோ எடுக்கறப்போ தலை எடது பக்கம், துடுப்பு விரிச்சு, பக்கத்துல ஸ்கேல், பேக்ரவுண்ட் ஈரத்துணி. கைல புடிச்சுக்கிட்டு சிரிக்கற போட்டோவ வச்சு யாராலும் மீன் பேர் சொல்ல முடியாது.

ஈஸியா குழம்பற சில ஜோடிங்கள சொல்றேன். மடவைக்கும் பால் மீனுக்கும்: மடவைக்கு முதுகுல ரெண்டு துடுப்பு, மொத துடுப்புல நாலு முள்ளு, பால் மீனுக்கு ஒரே முதுகு துடுப்பு, வாலு நல்லா ஆழமா பிளந்திருக்கும். ஜிலேபிக்கும் செத்தக்கெண்டைக்கும்: வாலுக்கு முன்னாடி அடில இருக்கற கீழ் துடுப்பு முள்ள எண்ணுங்க, ஜிலேபிக்கு மூணு இருக்கும், செத்தக்கெண்டைக்கு பன்னெண்டு, அதுக்கு மேலயும் இருக்கும். இது முக்கியம், ஏன்னா ஒண்ணு 1952ல வெளிநாட்லேர்ந்து கொண்டு வந்தது, இன்னொண்ணு நம்ம காயலோட சொந்த மீன், ரெண்டையும் கெண்டைன்னு எழுதிட்டா கணக்கே போச்சு. கீச்சான் ஒடம்புல வளைஞ்ச கறுப்பு கோடு, தப்பே வராது. காரப்பொடி வழவழன்னு செதிள் தெரியாம இருக்கும், வாய இழுத்தா குழாய் மாதிரி நீளும். குப்பத்துக்கு குப்பம் பேர் மாறும், எண்ணூர்ல ஒண்ணு சொல்லுவாங்க கோவளத்துல வேற சொல்லுவாங்க, அதனால லோக்கல் பேர், போட்டோ, அறிவியல் பேர் மூணும் சேத்து வைங்க. அறிவியல் பேருக்கு ஃபிஷ்பேஸ் வெப்சைட் பாருங்க, ஐநேச்சுரலிஸ்ட் வெப்சைட்ல போட்டோ ஏத்தினா தெரிஞ்சவங்க திருத்துவாங்க, சந்தேகமா இருந்தா குடும்பம் வரைக்கும் எழுதி நிறுத்திக்குங்க, ஊகம் வேணாம்.

வகை எத்தனங்கறது மட்டும் போதாது, எப்படி பங்கு போட்டிருக்குன்னு பாக்கணும். அதுக்கு ஷானன் கணக்கு. ஒரு பேச்சுக்கு ரெண்டு எடத்துலயும் நூறு மீன், அஞ்சு வகைன்னு வச்சுக்குங்க. ஒரு எடத்துல ஒவ்வொண்ணும் இருவது. இன்னொரு எடத்துல ஜிலேபி 90, மத்த நாலும் 4, 3, 2, 1. ஒவ்வொரு வகையோட பங்கையும் அதோட இயற்கை லாகரிதத்தால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மைனஸ எடுத்துட்டா மொத எடம் 1.61, ரெண்டாவது 0.45. எக்ஸெல்ல எல்என் ஃபங்ஷன் போட்டா ரெண்டு நிமிஷ வேல. வகை எண்ணிக்கை ரெண்டுலயும் அஞ்சுதான், ஆனா ரெண்டாவது ஒரு ஜிலேபி குட்டை. அடையாறு மாதிரி எடத்துல இந்த வித்தியாசம்தான் விஷயம். ஆனா அம்பது மீன் கூட இல்லாத சாம்பிள்ல இந்த நம்பர போட்டு பீத்திக்காதீங்க, ஆடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டையும் சேத்து படிக்கறது

மேல சைதாப்பேட்டை பக்கம் ஜிலேபி, கெளுத்தி, தேளி, விரால், பனையேறிக் கெண்டை மட்டும் வருதுன்னா அங்க ஆக்ஸிஜன் அடிக்கடி பூஜ்யத்துக்கு போவுதுன்னு மீட்டர் இல்லாமயே சொல்லலாம். தேளி, விரால், பனையேறி எல்லாம் வெளிக்காத்த குடிக்கற மீன், ஜிலேபி உப்பு, அம்மோனியா எதுக்கும் அசராது. கீழ வாய்கிட்ட கிழங்கான், காரப்பொடி, கீச்சான், ஊடான், நெத்திலி வந்தா கடல் உள்ள வந்து போய்க்கிட்டு இருக்கு, இதுல ஒண்ணு கூட ரெண்டு மாசமா இல்லேன்னா வாய் அடைச்சிருக்கும், இல்ல வாய் தொறந்தும் உள்ள வர முடியாத தண்ணியா இருக்கும், எதுன்னு சொல்றதுக்குத்தான் உப்பு நம்பர். உப்பு 25க்கு மேல இருக்கு, மீன் மட்டும் இல்லேன்னா அப்போ மாசு. உப்பும் எறங்கி மீனும் இல்லேன்னா மொதல்ல வாயில இருக்கற மணல் திட்ட போய் பாருங்க. நவம்பர்ல வெள்ளம் ஓடறப்போ ரெண்டுமே எறங்கும், அது வருஷா வருஷம் நடக்கறது, அத மாசுன்னு எழுதினா எந்த மீனவரும் சிரிப்பார்.

மடவைக் குஞ்சு, பால் மீன் குஞ்சு, இறால் குஞ்சு வர்ற சீசன தனியா கவனிங்க. இதுங்க கடல்ல பொறந்து கழிக்குள்ள வந்து வளர்றதுங்க, வாய் அந்த நேரத்துல மூடியிருந்தா அந்த வருஷ கூட்டமே உள்ள வராது. பால் மீன் குஞ்சு நம்ம கரைல வெயில் காலத்துல வரும், சரியா வாய் அடைக்கற காலம். முட்டுக்காட்ல இருக்கற சிபாங்கற உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துல கொடுவாவ 1997லயே குஞ்சு பொரிக்க வச்சாங்க, பால் மீன 2015ல, தொட்டில பண்ணலாம், ஆனா ஆத்துக்கு வாய்தான் வேணும்.

எண்ணூர், பழவேற்காடு போனா அடில காக்கா ஆழி இருக்கான்னு பாருங்க. தென் அமெரிக்கா பக்கத்து சிப்பி, கப்பலோட வந்ததுன்னு சொல்றாங்க, சேத்த மூடி ஜமக்காளம் விரிச்ச மாதிரி படிஞ்சிடுது, இறால் கைல தடவி புடிக்கற இருளர் ஆளுங்களுக்கு கை கால் கிழியுது, இறால் மேயற சேறும் போச்சு. தண்ணி நம்பர் எல்லாம் நல்லா இருந்து மீனும் இறாலும் கொறையுதுன்னா இதையும் சந்தேகப்படணும், எல்லாத்துக்கும் சாக்கடையே காரணம் இல்ல.

ஒடம்ப பாத்துக்கறது

கால்ல வெட்டு காயம் இருந்தா போவாதீங்க, சாக்கடை தண்ணி, எலிக்காய்ச்சல் வரும். கம்பூட், ரப்பர் கையுறை, டெட்டனஸ் ஊசி. கெளுத்தி முள்ளு, திருக்கை முள்ளு குத்தினா தாங்கற அளவு சூடா வெந்நீர்ல ஒரு மணி நேரம் வச்சா வலி அடங்கும், அந்த விஷம் சூட்டுல செத்துடும், அப்புறம் டாக்டர் கிட்ட போங்க, முள்ளு ஒடைஞ்சு உள்ள இருக்கும். பேத்தை விஷ மீன், வீட்டுக்கு கொண்டு போவாதீங்க. கடல் குதிரை மாட்டினா வன உயிர் சட்டத்துல இருக்கறது, போட்டோ எடுத்து உடனே விட்டுடுங்க.

மீன் செத்து மெதந்தா

மொத மழைக்கு இது நடக்கும், ரோட்டு அழுக்கும் அடில கெடந்த சேறும் கெளம்பி ஒரே ராத்திரில ஆக்ஸிஜன தின்னுடும். நீங்க ஏற்கனவே போய்க்கிட்டு இருக்கற ஆளுன்னா அன்னிக்கு உங்க டேட்டா தங்கம், ஏன்னா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்க கிட்டதான் இருக்கு. உடனே போங்க, அடுத்த ஏத்தம் வந்தா ஆதாரம் கழுவிக்கிட்டு போயிடும். மொதல்ல ஆக்ஸிஜன், மேலயும் அடிலயும், அப்புறம் அம்மோனியா, பிஹெச், சூடு. ஒரு லிட்டர் தண்ணி ரெண்டு பாட்டில்ல ஐஸ்ல. செத்ததுல பெருசு சின்னது எது ஜாஸ்தின்னு பாருங்க, பெரிய மீன் மொதல்ல செத்து பொடி மீன் மேல வாய தொறந்துக்கிட்டு நின்னா பெரும்பாலும் ஆக்ஸிஜன் பிரச்சன, சைஸ் பாக்காம ஒரே நேரத்துல எல்லாம் செத்து நண்டு கூட கரையேறி செத்துக் கெடந்தா ஏதோ விஷம் விட்டிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். எந்த வகை எத்தன, கரையோரம் நூறு மீட்டர் நடந்து எண்ணுங்க, எண்ண முடியாத அளவு இருந்தா பத்து மீட்டர் எண்ணி பத்தால பெருக்குங்க. செவுள் செவப்பா இருக்கற, இப்போதான் செத்த மீன் ரெண்டு மூணு தனி கவர்ல போட்டு ஐஸ்ல வைங்க, ஊதினத எடுக்காதீங்க, லேப்ல ஒண்ணும் தெரியாது. மணி, எடம், போட்டோவோட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்னிக்கே எழுத்துல குடுங்க, நகல் வாங்கி வச்சுக்குங்க. அந்த மீன பொறுக்கி விக்கவோ சமைக்கவோ யாராச்சும் வந்தா வேணாம்னு சொல்லுங்க.